அப்பத்தாவின் தூக்குவாளியும் ஆண்டி காஃப்மனும்

தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஆண்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு வகைக்கு வேலையே இருக்காது. இன்னொரு வகைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. என் தம்பி முதல் வகை. விசைப்படகில் போகிறவன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் கரையில் கிடப்பான். எங்க வீட்டுக்காரர் இரண்டாவது வகை. படகு எஞ்சின் மெக்கானிக். ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் படகெல்லாம் சும்மா நிற்கிற இந்த இரண்டு மாதத்தில்தான் எஞ்சினை இறக்கிப் பிரித்துப் போடுவார்கள். தம்பி பேச ஆள் தேடுவான், இவர் படுக்க இடம் தேடுவார். இரண்டு பேரும் மாட்டிக்கொள்கிற இடம் என் ஜெராக்ஸ் கடை வாசல்.

கடையை எட்டரைக்கு அடைத்துவிட்டு நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். அந்த நேரத்தில் தென்கடல் இரைச்சல் தெருவரைக்கும் கேட்கும். வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஒன்று ஆண் கடல், ஒன்று பெண் கடல் என்பார்கள் எங்கள் பக்கம். யார் பேர் வைத்ததோ, ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கும்போது அந்தப் பெண் கடலை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். சரி, அது வேறு கதை.

இந்த வருஷம் அண்ணன் மகன் செமஸ்டர் லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். ஒருநாள் ராத்திரி போனை எடுத்து ஏ4 பேப்பர் கட்டின்மேல் சாய்த்து வைத்தான். "அத்தை, ஸ்டாண்ட்-அப் காமெடின்னா என்னன்னு கேட்டீங்கல்ல, இவனைப் பாருங்க. பேரு ஆண்டி காஃப்மன்."

"பேரே ஆண்டியா?" என்றார் வீட்டுக்காரர், கையில் இருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே. "அப்ப மடம் கட்டிற வேண்டியதுதான். இங்க ஏற்கெனவே ரெண்டு ஆண்டி சும்மாத்தான் உக்காந்திருக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஜூன் 14 வரைக்கும் அது ஓயவில்லை.

முதலில் காட்டியது 1975 அக்டோபர் 11-ஆம் தேதி வந்தது. அமெரிக்காவில் சாட்டர்டே நைட் லைவ் என்ற நிகழ்ச்சியின் முதல் நாள். மேடையில் ஒரு ரெக்கார்டு பிளேயர், பக்கத்தில் ஒல்லியாக, முழி முழியென்று முழித்துக்கொண்டு ஒரு ஆள். பிள்ளைகள் பார்க்கிற எலி கார்ட்டூன் பாட்டு ஓடுகிறது. அவர் பாடவில்லை, ஆடவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார். பாட்டில் 'இதோ வந்துவிட்டேன் காப்பாற்ற' என்று ஒரு வரி வரும். அந்த ஒரே வரிக்கு மட்டும் கையைத் தூக்கி, மார்பை நிமிர்த்தி, ராஜா மாதிரி வாயை அசைக்கிறார். வரி முடிந்ததும் மறுபடியும் அதே முழி. நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார். அடுத்த தடவை அந்த வரி வருகிறவரைக்கும் காத்திருக்கிறார். அவ்வளவுதான்.

தம்பி நாற்காலியிலிருந்து விழாத குறை. எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை, அந்தத் தண்ணீர் குடிக்கிற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் போனை வாங்கி, ஓடி முடிந்துவிட்டதா என்று பார்த்தார்.

"செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கான், ஸ்டார்ட் ஆகலையே மாப்ள" என்றார்.

"ஆகாம இருக்கிறதுதான் மச்சான் காமெடி" என்றான் தம்பி.

"ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்கு நான் காசு வாங்குனா நீ விடுவியா?"

இதற்குத் தம்பியிடம் பதில் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் பதிலோடு வந்துவிட்டான். சும்மா இருக்கிறவனுக்கு அதுதான் வசதி.

அடுத்தடுத்த நாட்களில் அண்ணன் மகன் ஒவ்வொன்றாகக் காட்டினான். எங்களுக்கு அந்த வேக இங்கிலீஷ் ஓடாது, நிறுத்தி நிறுத்தி அவன் சொல்ல வேண்டும். காஸ்பியன் கடலில் காஸ்பியர் என்று இல்லாத ஒரு தீவு, அங்கிருந்து வந்த ஆள் மாதிரி காஃப்மன் பேசுவார். தட்டுத் தடுமாறின பேச்சு. பெரிய மனிதர்கள் மாதிரி மிமிக்ரி செய்கிறேன் என்பார். அமெரிக்க ஜனாதிபதியும் அதே குரல், இன்னொருவரும் அதே குரல். கூட்டத்துக்குப் பாவமாகிவிடும், நெளிய ஆரம்பிப்பார்கள். அப்புறம் எல்விஸ் பிரெஸ்லி என்று சொல்லித் திரும்பி நின்று தலையைச் சீவிக்கொண்டு திரும்பினால், அசல் எல்விஸ். குரல், இடுப்பு, உதட்டுச் சுழிப்பு எல்லாம். பாட்டு முடிந்ததும் மறுபடி அந்தத் தீவுக்காரனாகவே தேங்க் யூ சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். இதற்கு வீட்டுக்காரரே கைதட்டினார். "அப்ப திறமை இருக்குல்ல? முதல்லயே அதைக் காட்ட என்ன கேடு?"

அந்தச் சந்தோஷம் ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. எல்விஸைக் கேட்டு வந்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாவலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார். சும்மா படிக்கிறார். ஜனம் கத்துகிறது. சரி, படிக்கட்டுமா, ரெக்கார்டு போடட்டுமா என்று கேட்கிறார். ரெக்கார்டு, ரெக்கார்டு என்கிறார்கள். போடுகிறார். அவர் விட்ட இடத்திலிருந்து அதே நாவல், அவர் குரலிலேயே. கேட்டதும் தம்பி தெருவில் போய் நின்று சிரித்துவிட்டு வந்தான். வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது, நிஜமான கோபம். "டிக்கெட் எடுத்து வந்தவன் என்ன கிறுக்கனா?"

இந்த ஆள் பிரபலமாக இருந்தபோதே லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஓட்டலில் மேசை துடைக்கிற வேலைக்குப் போயிருக்கிறார் என்று அண்ணன் மகன் சொன்னான். டாக்ஸி என்று ஒரு டிவி தொடர், 1978-லிருந்து 83 வரை ஓடியது, அதில் நடித்துக்கொண்டே ஒரு பக்கம் எச்சில் தட்டு எடுத்திருக்கிறார். தன்னைக் காமெடியன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாராம். பாட்டுப் பாடி ஆட்டம் ஆடுகிறவன், அவ்வளவுதான் என்பாராம்.

பாட்டு, ஆட்டம் என்றதும் வீட்டுக்காரர் சட்டென்று என்னைப் பார்த்தார். "அப்ப இவன் பபூன். உங்க அப்பத்தாகிட்ட சோறு வாங்கித் தின்னானே, அந்த மாதிரி."

நாடகம் பார்க்காத ஊர்க்காரர்களுக்காக இரண்டு வரி. எங்கள் பக்கம் கோயில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம் உண்டு. பெரும்பாலும் வள்ளி திருமணம், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. அவர் இறந்தது 1922-இல், நாடகம் இன்னும் சாகவில்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர் என்று தனித்தனியாக வருவார்கள். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். முருகன் வருவதற்கு ரொம்ப முன்னால் முதலில் வருகிறவர் பபூன். தனி ஆளாக மைக் முன்னால் நின்று பேசியே கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். ஸ்டாண்ட்-அப் என்று இப்போது புதுசாகச் சொல்கிறார்களே, அதை எங்கள் ஆட்கள் மிருதங்கத்தோடு செய்துகொண்டிருந்தார்கள். என்ன, பேச்சு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். அதனால் பபூன் முடிந்த பிறகுதான் பெண்பிள்ளைகள் வரலாம் என்பது எங்கள் அப்பா சட்டம். படுத்துத் தூங்கிவிட்டு வள்ளி வரும்போது எழுந்து போவோம்.

நான் ஏழாவது படித்த வருஷம் அந்தச் சட்டத்தை மீறி அப்பத்தா முந்தானைக்குள் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த பபூன் வெளியூர். பேர் வேண்டாம். அவரைப் பற்றி முன்னாலேயே ஊரில் இரண்டு கட்சி உண்டு. போன ஊரில் ஆர்மோனியக்காரரோடு சண்டை போட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார் என்று ஒரு கட்சி, அது சண்டையே இல்லை, ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட கூத்து என்று ஒரு கட்சி.

வந்தார். பாட்டு எடுக்கவில்லை. மேடை ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். மைக்கை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உங்க ஊர்ல எனக்குச் சோறு போடலைய்யா" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. விழாக் கமிட்டித் தலைவர் எழுந்து, "ஏழு மணிக்கே பந்தி வச்சோம், எல்லாரும் சாப்பிட்டாங்க" என்று கத்தினார். "எல்லாரும் சாப்பிட்டாங்க. நான் சாப்பிடல" என்றார் பபூன், ரொம்ப மெதுவாக. மிருதங்கக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, சரியில்லை என்று கையை எடுத்துவிட்டார். "இறங்குடா" என்று ஒரு குரல். ஒருத்தன் மணலை அள்ளி வீசினான். அவர் தோளில் விழுந்த மணலைத் தட்டக்கூட இல்லை. பெண்கள் பக்கம் திரும்பி, "ஆத்தாமாருங்க யாராச்சும்" என்று மட்டும் சொன்னார்.

என்மேல் இருந்த முந்தானை உருவிக்கொண்டு போனது. அப்பத்தா எழுந்துவிட்டது. வீடு பக்கத்துத் தெரு. போன வேகத்தில் எவர்சில்வர் தூக்குவாளியோடு வந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்திருந்த சோறு, மூடித் தட்டில் மத்தியானத்துச் சூடைமீன் குழம்பு. கூட்டத்துக்கு நடுவே நேராக நடந்து மேடைக்குப் போய் நீட்டியது. அப்பா தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

அவர் வாங்கிச் சாப்பிட்டார். அவசரமே இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஆர்மோனியக்காரர் ஒரு சுரம் கொடுக்க ஆரம்பித்தார். முள் எடுக்கும்போது ஒரு சின்ன இழுப்பு. தண்ணீரைக் குடிக்கும்போது மேல் ஸ்தாயி. வாளியின் அடியை விரலால் வழித்தபோது மிருதங்கமும் சேர்ந்துகொண்டது. பாதிக் கூட்டம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. மீதிப் பாதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஊர் மானம் போச்சு என்று கமிட்டித் தலைவர் அந்த நாடகம் முழுக்க வரவே இல்லை, கடற்கரையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

வழக்கமாக எந்தப் பபூனும் போகும்போது கைகூப்பி, ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் உங்கள் பிள்ளையாக நினைத்து மன்னிக்கணும் என்பார். இவர் அதுவும் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போய்விட்டார்.

பசியா, நடிப்பா? இத்தனை வருஷமாக இரண்டு கட்சியும் உயிரோடு இருக்கிறது. பந்தியில் அவர் சாப்பிட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். சாப்பிடவில்லை என்று சூடம் அடிக்க மூன்று பேர். என் வீட்டுக்காரர் அந்த ஊரே இல்லை, ஆனாலும் பசியோ நடிப்போ, கோபத்தில் அவர் கமிட்டிக் கட்சி. "அந்த மன்னிப்புலதான் மாப்ள இருக்கு விஷயம். இவ்வளவு நேரம் போட்டது வேஷம், இப்ப கழட்டிட்டேன்னு சொல்றான். அதைச் சொல்லாம போறவன் நம்மளை மதிக்கல." தம்பி அதற்கு நேர் எதிர். மன்னிப்புக் கேட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவோம், கேட்காததால்தானே இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பான்.

இதில் நான் தம்பி பக்கம். காஃப்மன் விஷயத்திலும் அதேதான். மல்யுத்தம் வருகிறவரைக்கும்.

அந்த வீடியோவைக் காட்டும்போது அண்ணன் மகன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காட்டினான். 1979-லிருந்து காஃப்மன் மேடையில் பெண்களோடு மல்யுத்தம் செய்ய ஆரம்பித்திருக்கிறார். என்னைத் தோற்கடிக்கிற பெண்ணுக்கு 1,000 டாலர் என்று சவால். சவாலோடு விட்டாலாவது பரவாயில்லை, பெண்கள் அடுப்படிக்குத்தான் லாயக்கு, உங்களுக்கு மூளை இல்லை என்று வாய்க்கு வந்தபடி. பெண்கள் கூட்டத்திலிருந்து தாங்களாகவே எழுந்து வருகிறார்கள். அவர் கீழே தள்ளி அமுக்குகிறார்.

"அது வேஷம்க்கா" என்றான் தம்பி, நான் ஒன்றும் கேட்காதபோதே.

"வேஷம்னு எனக்குத் தெரியுது. கைதட்டுறவனுக்குத் தெரியுமாடா?"

"யாரு கைதட்டுறா? நல்லாக் கேளு. அத்தனை பேரும் அவனைத் திட்டுறான். அவனுக்கு வேண்டியதே அந்தத் திட்டுதான். வில்லன்க்கா அவன்."

மறுபடி ஓட்டிக் கேட்டேன். உண்மைதான், பெரும்பாலும் ஊளைச் சத்தம். ஆனால் எல்லாமே ஊளை என்று என்னால் சொல்ல முடியாது. கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவள் நான். ஒரு பொம்பளை ஜெராக்ஸ் மிஷின் பேப்பர் சிக்கலை எடுக்கும்போது, "ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்கிற குரலும் சிரித்துக்கொண்டேதான் கேட்கும். அது வேஷமா நிஜமா என்று நான் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியுமா?

வீட்டுக்காரர் நம்பியாரைக் கொண்டுவந்தார். படத்தில் எத்தனை பெண்கள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார், தாய்மார்கள் எப்படித் திட்டினார்கள், ஆனால் மனிதர் வருஷா வருஷம் சபரிமலை போன குருசாமி. "அது ஊருக்கே தெரியும்ல? இந்த ஆண்டி மலைக்குப் போகலையே. வீட்டுக்குப் போற வழியிலயும் வில்லனாத்தான் போயிருக்கான்." இந்த ஒரு இடத்தில் அவர் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. நான் வெளியே சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்குத் தாங்காது.

அப்புறம் மெம்பிஸ் என்ற அமெரிக்க ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குச் சோப்பு என்றால் என்னவென்று டிவியில் பாடம் நடத்தி, ஊரையே கொதிக்க வைத்திருக்கிறார். 1982 ஏப்ரல் 5-ஆம் தேதி அந்த ஊர் மல்யுத்த வீரர் ஜெரி லாலர் இவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தினார். காஃப்மன் கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார். ஜூலையில் லெட்டர்மேன் என்பவரின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் லாலர் விட்ட அறையில் நாற்காலியிலிருந்து விழுந்தார், அப்புறம் காப்பியை அவர்மேல் வீசினார். இத்தனையும் இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்தது என்று வெளியே வருவதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆனது. லாலர் வாயே திறக்கவில்லை. எங்கள் ஆர்மோனியக்காரர் மாதிரி.

அந்த வருஷம் நவம்பரில் அதே சாட்டர்டே நைட் லைவ், இவரை வைத்துக்கொள்வதா விரட்டுவதா என்று நேயர்களையே போனில் ஓட்டுப் போடச் சொன்னது. விரட்டு என்று 1,95,544 பேர். வேண்டும் என்று 1,69,186 பேர். வித்தியாசம் 26,358. கணக்குப் போட்டது நான், கடைக் கால்குலேட்டரில். அதற்கப்புறம் அந்த மேடைக்கு அவர் திரும்பி வரவே இல்லை.

"ஜெயிச்சுட்டோம்" என்றார் வீட்டுக்காரர்.

"ஒன்னே முக்கா லட்சம் பேர் போனைப் போட்டு வேணும்னு கேட்டிருக்கான் மச்சான். நம்ம தெருவுல அப்படிக் கேக்க யாரு இருக்கா?" என்றான் தம்பி.

இந்தச் சண்டையெல்லாம் தாண்டி எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 1979 ஏப்ரலில் நியூயார்க்கில் கார்னகி ஹால் என்ற பெரிய அரங்கத்தில் நிகழ்ச்சி. தன் பாட்டிக்கு நல்ல இடம் தருவதாகச் சொல்லியிருந்தேன் என்று ஒரு கிழவியை மேடையிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார். கடைசிவரை அந்தக் கிழவி ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறாள். முடிவில் எழுந்து முகமூடியைக் கழற்றினால் ராபின் வில்லியம்ஸ் என்ற நடிகர். பின்னாளில் கிழவி வேஷம் போட்டே உலகத்தைச் சிரிக்க வைத்த அதே ஆள். அப்புறம் அத்தனை ஜனத்தையும் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்திருக்கிறார். அதோடும் விடவில்லை. மறுநாள் ஸ்டேட்டன் தீவுக்குப் போகிற படகுக்கு வாருங்கள், மிச்சம் அங்கே என்றிருக்கிறார். போயிருக்கிறார்கள். மேடையில் ஒரு கிழவி, கையில் சாப்பாடு, அப்புறம் ஒரு படகு. எங்கள் ஊர்க் கதையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

அவர் செத்ததை அண்ணன் மகன் கடைசியாகத்தான் சொன்னான். 1984 மே 16. வயது 35. சிகரெட் பழக்கம் இல்லாத ஆளுக்கு நுரையீரலில் புற்றுநோய். சாவதற்கு முன்னால் பிலிப்பைன்ஸ் போயிருக்கிறார், கத்தியில்லாமல் வெறும் கையாலேயே கட்டியை எடுப்பதாகச் சொல்கிற வைத்தியரிடம். ஊரையெல்லாம் நம்ப வைத்து விளையாடிய ஆள், தன் உயிருக்கு என்று வரும்போது அப்படி ஒருவரை நம்பிப் போயிருக்கிறார். யாரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்காரர்தான், "செத்ததாவது நெசமா?" என்றார், ஆனால் கிண்டலாக இல்லை. இன்னும் நம்பாதவர்கள் இருக்கிறார்கள் மாமா என்றான் இவன்.

வாளிக் கதை பாக்கி இருக்கிறது.

அது நல்ல கனமான எவர்சில்வர் வாளி, அத்தை கல்யாணத்தில் வந்தது. அன்றைக்குப் போனது போனதுதான். அப்பத்தா கமிட்டித் தலைவரிடம் போய்க் கேட்டது, அவர் இருந்த கோபத்தில் பதிலே சொல்லவில்லை. மறுவருஷ நாடக நோட்டீஸில் அந்தப் பபூன் படம் இல்லை. அதற்கு அடுத்த வருஷம், தலைவர் மாறியதும், அவர் படம் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில்தான் ஒட்டியிருந்தார்கள். படத்துக்கு நேரே நின்று, "வரட்டும்" என்றது அப்பத்தா.

வந்தார். மேடைக்கு வரும்போதே கையில் அந்த வாளி. கூட்டம் ஓவென்று எழுந்துவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை, பசி பேச்சே எடுக்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் வாளியை வைத்துவிட்டு வழக்கமான பபூன் மாதிரி பாடினார், ஆடினார், டான்ஸ்காரப் பெண்ணோடு வம்பு பண்ணினார். வாளி அது பாட்டுக்கு இருந்தது. போகும்போது இறங்கி வந்து, கூட்டத்துக்குள் தேடி, அப்பத்தா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பிக்கு இது போதும். இரண்டு வருஷம் வாளியைப் பத்திரமாக வைத்திருந்தான் என்றால் முழுக்கத் திட்டம்தான் என்பான். வீட்டுக்காரருக்கும் இதுவே போதும். பசித்தவனுக்குத்தான் வாளி ஞாபகம் இருக்கும், அவன் நிஜமாகவே பட்டினி கிடந்திருக்கிறான், அதை வைத்து ஊரைக் கேவலப்படுத்தினதுதான் தப்பு என்பார்.

அப்பத்தாவுக்கு இந்த இரண்டு கட்சியும் கடைசிவரை புரியவில்லை. அது வாளியைத் திறந்து உள்ளே பார்த்தது, கவிழ்த்துத் தட்டிப் பார்த்தது. "ஒரு கைச் சீனியாச்சும் போட்டுக் குடுக்க வேணாமா? அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனேயா குடுப்பாக? என்னத்த வளத்தாளோ அவன் ஆத்தா" என்று வீடு வருகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தது.